மாடிக்கும் பின்கட்டுக்கும் நெட்: பவர்லைனா, ரிப்பீட்டரா, ஒயரா?

வேலூர் கொசப்பேட்டையில் எங்கள் வீடு பாதி பழசு, பாதி புதுசு. தெருப்பக்கத்தை இடித்துக் காங்கிரீட் தளம் போட்டு மேலே ஒரு மாடி எழுப்பியாயிற்று. பின்கட்டு தாத்தா காலத்தது. ஒன்றரை அடிச் சுவர், சுண்ணாம்புக் காரை, மரச்சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ். வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் மே மாதத்தில் வீட்டிலேயே குளுமையான இடம் அதுதான். வைபைக்கு மட்டும் அந்தச் சுவர் எமன்.

பைபர் ஒயர் வந்து இறங்குவது முன் ஹாலில். 100 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 100 மெகாபிட்) வேகத் திட்டம். ரூட்டர் பக்கத்தில் உட்கார்ந்தால் முழு வேகமும் கிடைக்கும். பின்கட்டில் நான் வேலை செய்கிற மேஜையில் சிக்னல் ஒரே ஒரு கோடு. மாடியில் அண்ணி மாலை ஆறிலிருந்து எட்டு வரை பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்குப் பாடம் எடுக்கிறார். "மிஸ், உங்க குரல் கட் ஆகுது" என்று பிள்ளைகள் சொல்லும்போதெல்லாம் அவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் வந்து நிற்பார். அந்தக் காட்சியைப் பார்த்த பிறகுதான் இந்த வேலையில் இறங்கினேன். ஒரு கனெக்‌ஷனை மூன்று இடத்துக்குப் பகிர்ந்து கொடுக்க என்னென்ன வழி இருக்கிறதோ, கிட்டத்தட்ட எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. உங்கள் வீட்டிலும் இதே தலைவலி என்றால் எதில் பணம் போடலாம், எதில் போட வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

பணம் செலவாகாத ஒரு வேலையை முதலில் செய்யுங்கள். ரூட்டரை இடம் மாற்றிப் பாருங்கள். நம் ஊரில் கனெக்‌ஷன் கொடுக்க வருகிறவர் வாசலுக்குப் பக்கத்தில், டிவிக்குப் பின்னால் மாட்டிவிட்டுப் போய்விடுவார். பைபர் ஒயர் நூல் மாதிரி மெல்லியது, இன்னும் பத்து மீட்டர் உள்ளே இழுத்தாலும் வேகம் குறையாது. படிக்கட்டு தொடங்கும் இடத்தில், ஆள் உயரத்தில் வைத்தாலே பல வீடுகளில் பாதிப் பிரச்சினை தீரும். எங்கள் வீட்டில் மாடிக்குக் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது, பின்கட்டு அப்படியே இருந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரில் சீக்கிரம் செத்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல் மொத்தமே 1, 6, 11 என்று மூன்றுதான். சுவரோடு சுவர் ஒட்டிய கொசப்பேட்டைத் தெருவில் இருபது வீட்டு ரூட்டரும் அந்த மூன்றில்தான் அடித்துக்கொள்கின்றன.

அடுத்து எல்லாரும் வாங்குவது ரிப்பீட்டர், அதாவது ரூட்டரின் வைபையை வாங்கித் திருப்பி அனுப்பும் பெட்டி. விலை குறைவு, பிளக்கில் சொருகினால் வேலை முடிந்தது. நாங்களும் வாங்கினோம். போனில் ஐந்து கோடு தெரிந்ததும் அண்ணிக்கு ஒரே சந்தோஷம். வகுப்பு தொடங்கியதும் பழைய கதைதான். சாதாரண ரிப்பீட்டர் ஒரே ரேடியோவில் கேட்டு, அதே ரேடியோவில் திருப்பிச் சொல்ல வேண்டும். அதனால் கிடைப்பதில் பாதிதான் கை மாறும். அதோடு, சிக்னல் செத்துப்போன இடத்தில் அதை மாட்டினால் செத்த சிக்னலைத்தான் பெரிதாக்கித் தரும். கோடு கூடும், வேகம் கூடாது. ஒரே சுவர் தாண்டவேண்டும், வாட்ஸப்பும் யூடியூப்பும் ஓடினால் போதும் என்கிறவர்களுக்குச் சரி. வகுப்பு எடுக்கிறவர்களுக்கும் வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்கும் நான் சொல்லமாட்டேன்.

அப்புறம்தான் பவர்லைன் அடாப்டர். வேலை இவ்வளவுதான்: ஒரு ஜோடி பெட்டி வரும். ஒன்றை ரூட்டர் பக்கத்து பிளக் பாயின்டில் சொருகி, ரூட்டரிலிருந்து ஒரு குட்டி லேன் (நெட்வொர்க்) ஒயரால் இணைக்கவேண்டும். இன்னொன்றை நெட் வேண்டிய அறையின் பிளக் பாயின்டில் சொருகவேண்டும். நடுவில் ஏற்கெனவே சுவருக்குள் ஓடுகிற கரண்ட் ஒயரே டேட்டாவையும் தூக்கிக்கொண்டு போகும். நம் மின்சாரம் வினாடிக்கு 50 தடவை ஆடுகிறது. அடாப்டர் அனுப்புகிற டேட்டா 2 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே, அதாவது வினாடிக்கு இருபது லட்சம் தடவைக்கு மேல் ஆடுகிறது. ஒரே ஒயரில் இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் போவது அதனால்தான். 2001இல் ஹோம்பிளக் என்ற பெயரில் வந்த முதல் தலைமுறை 14 எம்பிபிஎஸ். 2005இல் அடுத்த தலைமுறையான ஹோம்பிளக் ஏவி வந்தபோது 200. இன்று பெட்டிமேல் 600, 1000, 2000 என்றெல்லாம் அச்சடித்திருக்கும்.

அந்த எண்ணை நம்பிப் பணம் போட்டால் ஏமாற்றம்தான். அது ஒயரில் போகவர எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டிய உச்சக் கணக்கு. கையில் கிடைப்பது அதில் சிறு பங்கு. 600 என்று போட்ட பல பெட்டிகளில் இருக்கும் லேன் ஓட்டையே 100 எம்பிபிஎஸ் வகைதான். உங்கள் திட்டம் 200 என்றால் அந்தப் பெட்டி வாசலிலேயே அதைப் பாதியாக்கிவிடும். வாங்கும்போது 'கிகாபிட் போர்ட்' (1000 எம்பிபிஎஸ் லேன் ஓட்டை) என்று இருக்கிறதா பாருங்கள். நாங்கள் வாங்கியதில் பின்கட்டில் 40க்குக் கீழே இறங்கியதில்லை. கேட்கக் குறைச்சலாக இருக்கும். நல்ல தரத்தில் ஒரு வீடியோ கால் தின்பது 3, 4 எம்பிபிஎஸ்தான். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் தாங்கும். என் மேஜையில் அன்றிலிருந்து கால் கட் ஆகவில்லை. ஒன்றரை அடிச் சுவரை வைபை தாண்டாத இடத்தில், அந்தச் சுவருக்குள்ளேயே ஓடும் ஒயர் வழியாக நெட் வந்து சேர்ந்தது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

மாடியில்தான் சிக்கல். அதே வகையில் மூன்றாவது பெட்டி ஒன்றை மாடியில் சொருகினால் விளக்கு சிவப்பு. பச்சை என்றால் நல்ல இணைப்பு, சிவப்பு என்றால் கஷ்டம். 3, 4 எம்பிபிஎஸ் வரும், ஆறு மணிக்கு அதுவும் போய்விடும். பெட்டியில் கோளாறோ என்று பின்கட்டுப் பெட்டியையும் மாடிப் பெட்டியையும் மாற்றிப் போட்டேன். அப்போதும் பின்கட்டில் பச்சை, மாடியில் சிவப்பு.

விடை ஒரு கரண்ட் பிரச்சினையில் கிடைத்தது. ஒரு நாள் சாயங்காலம் தெருவில் ஒரு பேஸ், அதாவது கம்பத்தில் வரும் மூன்று கரண்ட் லைனில் ஒன்று, போய்விட்டது. நம் ஊரில் இது தெரியாதவர் கிடையாது. பாதி வீட்டில் விளக்கு எரியும், பாதி வீடு இருட்டு. எங்களுக்குக் கீழே கரண்ட் இருக்கிறது, மாடி முழுக்க இருட்டு. அண்ணிக்கு வகுப்பு நேரம். அண்ணன் மெயின் போர்டுக்குப் போய் மாடியின் பேஸ் சேஞ்சரைத் திருகி, கீழே ஓடிக்கொண்டிருந்த பேஸுக்குக் கொண்டுவந்தார். மாடியில் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. நான் பார்த்தது பிளக் பாயின்டை. சிவப்பாகவே கிடந்த விளக்கு ஒரு நிமிடம் மினுக்கிவிட்டுப் பச்சையாக நின்றது. அன்றைக்கு இரண்டு மணி நேர வகுப்பும் ஒரு தடங்கல் இல்லாமல் நடந்தது. மறுநாள் போன பேஸ் வந்தது, அண்ணன் சேஞ்சரைப் பழைய இடத்துக்குத் திருகினார், விளக்கு மறுபடி சிவப்பு.

எங்கள் எலக்ட்ரீஷியனிடம் கேட்டேன். போர்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "மாடிக்கு வேற பேஸ்தானே தம்பி குடுத்து கீது. ஏசி போட்டப்ப நான்தான் பிரிச்சேன்" என்றார். மூன்று பேஸ் சர்வீஸ் உள்ள வீட்டில் ஹாலுக்கு ஒரு பேஸ், மாடிக்கு ஒரு பேஸ், ஏசிக்கு ஒரு பேஸ் என்று பிரித்துக் கொடுப்பது சரியான வேலைதான். ஆனால் அடாப்டரின் சிக்னலுக்கு அவை மூன்றும் தனித்தனிச் சாலை. ஒரு பேஸிலிருந்து இன்னொன்றுக்கு ஒழுங்கான வழி கிடையாது. ஒயர்கள் ஒன்றை ஒன்று ஒட்டி ஓடுகிற இடங்களில் கொஞ்சம் கசிந்து போகும், அவ்வளவுதான். மாடியை நிரந்தரமாக எங்கள் பேஸுக்கே மாற்றிவிடலாமா என்று கேட்டதற்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே பேஸில் எல்லாச் சுமையையும் ஏற்றினால் மே மாதத்தில் ஒயர் சூடாகும் என்றார். நெட்டுக்காகக் கரண்ட் வேலையைக் கெடுக்கக் கூடாது. அவர் சொன்னதுதான் நியாயம்.

ஆகவே, பவர்லைன் வாங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் கடைக்குப் போவதற்கு முன் பார்க்க வேண்டியது சொந்த மெயின் போர்டை. சிங்கிள் பேஸ் சர்வீஸ் என்றால் கவலையில்லை. மூன்று பேஸ் என்றால், கடைசியாக ஒரு பேஸ் போனபோது எந்தெந்த அறை இருட்டானது என்று வீட்டில் கேளுங்கள். அம்மாக்களுக்கு இது கட்டாயம் நினைவிருக்கும். ரூட்டர் உள்ள அறையும் நெட் வேண்டிய அறையும் சேர்ந்து இருட்டாகி, சேர்ந்து எரிந்தால் வாங்குங்கள். ஒன்று எரிந்து ஒன்று அணைந்தால் வேண்டாம். டெஸ்டரும் மீட்டரும் வைத்து நீங்களே சோதிக்கப் போகாதீர்கள். இரண்டு பேஸுக்கு நடுவில் 400 வோல்ட் இருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் அவர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

மாடிக்குத் தனி மீட்டர் உள்ள வீடுகளுக்கும் இதே பதில்தான். வாடகைக்கு விடுகிற வீடுகளில் போர்ஷனுக்கு ஒரு சர்வீஸ் வாங்கி வைத்திருப்பார்கள். இலவச யூனிட் சர்வீஸ் கணக்கில் வருவதால் அப்படி ஒரு வழக்கம். அந்த வீட்டில் சிக்னல் இந்த மீட்டரைத் தாண்டி வெளியே போய், அந்த மீட்டர் வழியாக உள்ளே வரவேண்டும். கம்பத்திலிருந்து அந்த சர்வீஸுக்கு எந்த பேஸ் கொடுத்தார்கள் என்பதும் நமக்குத் தெரியாது. சத்துவாச்சாரியில் சித்தி வீட்டில் என் ஜோடியையே கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தேன். கீழே ஒரு மீட்டர், மேலே ஒரு மீட்டர். இரண்டு பெட்டியும் ஒன்றையொன்று கண்டுபிடிக்கவே இல்லை.

பேஸ் சரியாக இருந்தாலும் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகாதீர்கள். அதிலும் ஸ்பைக் பஸ்டர் என்று விற்பதில் சொருகவே கூடாது. அதன் பில்டர் வேலையே இந்த மாதிரி வேகமான அலைகளை விழுங்குவதுதான். சுவர் பாயின்டில் நேராகச் சொருகுங்கள். இங்கே கிடைக்கும் அடாப்டர்களில் பல வெளிநாட்டு இரண்டு பின் பிளக்கோடு வருகின்றன. நம் 5 ஆம்ப் பாயின்டில் அது லொடலொடவென்று ஆடும். நல்ல கன்வெர்ட்டர் இல்லாமல் போடாதீர்கள். எர்த்தையும் ஒரு பாதையாகப் பயன்படுத்துகிற விலை உயர்ந்த மாடல்களை வாங்கி இரண்டு பின்னில் சொருகினால், கூடுதலாகக் கொடுத்த காசு வீண். பழைய வீடுகளில் பாயின்டில் மூன்று ஓட்டை இருக்கும், பின்னால் எர்த் ஒயர் இருக்காது. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எர்த் இல்லை என்றால் நெட்டை விட்டுவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

அடாப்டருக்குப் பக்கத்துப் பாயின்டில் மலிவு சார்ஜர் இருந்தால் வேகம் விழும். அம்மா மிக்ஸியைப் போடும்போது என் மேஜையில் வேகம் பாதியாகும், நிறுத்தினால் திரும்பி வரும். மின்னணு ஃபேன் ரெகுலேட்டர், விலை குறைந்த எல்இடி பல்பு எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் இரைச்சல் போடும். அப்பா இரவில் சிற்றலை ரேடியோ கேட்கிறவர். அடாப்டர் பக்கத்தில் வைத்தால் கரகரவென்கிறது என்று ரேடியோவைத் திண்ணை அறைக்கு மாற்றிக்கொண்டார். இரண்டும் ஒரே அலைவரிசைப் பகுதியில் வேலை செய்பவை.

வெயிலையும் சொல்லவேண்டும். பல பெட்டிகளின் விவரத்தாளில் 0 முதல் 40 டிகிரி வரை என்றுதான் போட்டிருக்கும். வேலை செய்யும்போது பெட்டி தானாகவே சூடாகும். மொட்டைமாடி அறையில், ஓட்டுச் சாய்ப்பில், அலமாரிக்குப் பின்னால் மாட்டுவதாக இருந்தால் நம் ஊர்க் கோடையை நினைத்துக்கொண்டு மாட்டுங்கள்.

இன்வெர்ட்டர் இன்னொரு கண்ணி. கரண்ட் போனால் ரூட்டர் இன்வெர்ட்டரில் ஓடும், அடாப்டர் சாதாரணப் பாயின்டில் இருந்தால் அணைந்துவிடும். இரண்டு அடாப்டரையும் இன்வெர்ட்டர் லைன் உள்ள பாயின்டிலேயே போடவேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு என்று பகலில் மணிக்கணக்கில் நிறுத்துகிற நாளில்தான் இதன் அருமை தெரியும். எங்களிடம் முதலில் இருந்த பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் அடாப்டர் இணைப்பு விட்டுவிட்டு வந்தது. சைன் வேவ் மாற்றிய பிறகு சரியாகிவிட்டது.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. கரண்ட் ஒயர் பக்கத்து வீட்டோடும் தொடர்புள்ளது, சிக்னல் கொஞ்சம் வெளியே கசியலாம். பெட்டிகள் தங்களுக்குள் பேசுவதைப் பூட்டித்தான் அனுப்புகின்றன. ஆனால் ஹோம்பிளக் வகைப் பெட்டிகள் பொதுவாகக் கடையிலிருந்து ஒரே சாவியோடு வருகின்றன. இரண்டிலும் உள்ள 'பேர்' (Pair, ஜோடி சேர்க்கும்) பட்டனை அழுத்திப் புதுச் சாவி போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு நிமிட வேலை.

சரி, மாடிக்கு என்ன செய்தோம்? லேன் ஒயர் இழுத்தோம். முதலிலேயே செய்திருக்க வேண்டியது அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. லாங்கு பஜாரில் கேட்6 ரக லேன் ஒயர் 25 மீட்டர் வாங்கினேன். ஹாலிலிருந்து படிக்கட்டுச் சுவர் ஓரமாகப் பிவிசி பட்டிக்குள் விட்டு, மேலே ஒரு துளை போட்டு, முனைகளில் பிளக் அடித்துக் கொடுக்க அரை நாள் ஆனது. கூலியோடு சேர்த்தும் ஒரு ஜோடி பவர்லைனுக்குக் கொடுத்ததைவிடக் குறைவுதான். நல்ல ஒயரில் 100 மீட்டர் வரைக்கும் 1000 எம்பிபிஎஸ் போகும். பேஸ், மிக்ஸி, சார்ஜர் எதைப் பற்றியும் கவலை கிடையாது.

ஒயர் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது பாதி விலைக்குக் கிடைக்கும். வளைத்து வளைத்து இழுக்கும்போது உள்ளே ஒடிந்துபோகும். நுனியைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரிந்தால் அதுதான். கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே இதையும் நுழைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வீட்டுக்கு வெளியே சுவரோரம் தொங்கவிட்டால் இரண்டு கோடைக்குள் மேல் உறை வெடித்துவிடும். ஐப்பசி இடிமழையில் அந்தச் செம்பு வழியாக மின்னல் உள்ளே வந்து ரூட்டரையும் சுட்டுவிடலாம். முடிந்தவரை வீட்டுக்குள்ளேயே இழுங்கள்.

மேலே ஒயர் வந்து சேர்ந்ததும் அதில் பழைய ரூட்டர் ஒன்றை மாட்டினோம். பரணில் கிடந்ததுதான். அதன் டிஎச்சிபியை (போன், லேப்டாப்புக்கெல்லாம் நெட்வொர்க் முகவரி கொடுக்கும் வேலையை) அணைத்து, அந்த ரூட்டரின் சொந்த ஐபி முகவரியை மட்டும் மாற்றி, லேன் ஓட்டையிலிருந்து லேன் ஓட்டைக்கே இணைக்கவேண்டும். இதைச் செய்யாமல் வெளி இணைப்புக்கான 'வான்' (WAN) ஓட்டையில் சொருகினால் வீட்டுக்குள் இரண்டு தனி நெட்வொர்க் உண்டாகி, கீழே உள்ள பிரிண்டர் மேலே தெரியாது. கீழே உள்ள வைபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே இதற்கும் வைத்தால் போன் தானாக மாறிக்கொள்ளும்.

மெஷ் என்று, ஒரே வைபையாகச் சேர்ந்து வேலை செய்யும் மூன்று பெட்டியாக விற்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். ரிப்பீட்டரைவிடப் பல மடங்கு மேல். பெட்டிகள் தங்களுக்குள் பேச இன்னொரு ரேடியோ வைத்திருந்தால் இன்னும் நல்லது. புதுக் காங்கிரீட் வீடு, மெல்லிய சுவர், துளை போட மனமில்லை, பணம் பரவாயில்லை என்றால் அதுவே வாங்கலாம். எங்கள் பின்கட்டு மாதிரிச் சுவருக்கு மெஷ்ஷுக்கும் நடுவில் ஒயர் வேண்டும். கேபிள் டிவி ஒயர் வழியாக நெட் அனுப்பும் மோகா பெட்டிகள் அமெரிக்காவில் சகஜம், இங்கே கடையில் கேட்டால் முழிக்கிறார்கள்.

மாடிக்குத் தனிக் கனெக்‌ஷனே வாங்கிவிடலாமே என்றால், மாதாமாதம் வாடகையும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் போய்க்கொண்டே இருக்கும். ஒரே குடும்பம் என்றால் தேவையில்லை. பல பைபர் திட்டங்களில் மாதம் 3300 ஜிபி அளவுக்கு முழு வேகம் கொடுக்கிறார்கள். எங்கள் ஏழு பேருக்கும் அதில் பாதிகூட ஆகவில்லை.

ஆனால் குடித்தனக்காரர்களோடு பகிர்வதாக இருந்தால் நான் தனிக் கனெக்‌ஷன் பக்கம்தான் நிற்பேன். சிஎம்சியில் வேலை செய்யும் நர்ஸ்கள், விஐடி பிள்ளைகள் என்று போர்ஷன் போர்ஷனாக விடுகிற வீடுகளில், வாடகையோடு நெட்டும் சேர்த்துக் கொடுத்து நாலு இடத்துக்குப் பவர்லைன் சொருகிவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். தனித்தனி மீட்டரில் அது ஓடாது என்பது ஒரு பக்கம். கனெக்‌ஷன் யார் பெயரில் இருக்கிறதோ, அதில் யார் என்ன செய்தாலும் முதல் கேள்வி அவரிடம்தான் வரும் என்பது இன்னொரு பக்கம். வீட்டுக்கு வெளியே பகிரக் கூடாது என்று சந்தா ஒப்பந்தத்திலேயே போட்டிருக்கவும் வாய்ப்புண்டு, எடுத்துப் படித்துப் பாருங்கள்.

நீங்கள் குடித்தனக்காரராக இருந்து, வீட்டுக்காரர் துளை போட விடமாட்டார், ரூட்டரும் உங்கள் மேஜையும் ஒரே மீட்டரில் ஒரே பேஸில் இருக்கின்றன என்றால், பவர்லைன் உங்களுக்காகவே செய்தது மாதிரி. வீடு மாறும்போது பிடுங்கிக்கொண்டு போகலாம். திருப்பிக் கொடுக்கிற வசதி உள்ள இடத்தில் வாங்குங்கள். காலையில் சோதித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். மாலை ஏழு மணிக்கு, விளக்கு, ஃபேன், மிக்ஸி, பக்கத்து வீட்டு மோட்டார் எல்லாம் ஓடும்போது ஒரு மணி நேரம் வீடியோ கால் பேசிப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது பின்கட்டுக்குப் பவர்லைன், மாடிக்கு ஒயர். ரிப்பீட்டர் அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டது. அண்ணி படிக்கட்டில் நின்று வகுப்பு எடுப்பதில்லை.